முதல் தடம் போட்டவர்

பினாங்கில் ஒரு மாமாக் கடையில் நாலு தமிழ்ப் பையன்கள் உட்கார்ந்து கார் பந்தயம் பேசினால், இன்று முதலில் வருவது அஜித் குமார் பெயர்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. தேசியக் கொடியோடு அவர் கொண்டாடிய காணொளி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. அதே ஆண்டில், ஆசிய லெமான் தொடருக்காக அந்த அணியில் நரேன் கார்த்திகேயன் சேர்கிறார் என்று அறிவிப்பு வந்தது. 'யார் இந்த நரேன்?' என்று இருபது வயதுப் பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

கோயம்புத்தூர்க்காரரான நரேன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். 2005 மார்ச்சில் அவர் களமிறங்கியபோது இந்தியாவில் ஃபார்முலா ஒன் தடம் கிடையாது. பந்தய வீரரை வளர்க்கும் கார் கம்பெனி கிடையாது. கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் பெரிய பணம் எடுத்து வைக்கும் வழக்கமும் கிடையாது. ஓரளவு விவரம் தெரிந்தவர்கள்கூட அவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: ஆறு கார் மட்டும் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவதாக வந்தாரே, அவர்தானே என்று. அந்தப் புள்ளிகள் அதிர்ஷ்டத்தில் கிடைத்தவை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். நரேனுக்குக் கைகூடாமல் போன ஆண்டுகளை ஒரு பக்கம் எழுதி வைத்துப் பார்த்தால்தான் அதிர்ஷ்டம் யார் பக்கம் நின்றது என்பது தெரியும்.

சோழவரத்து ஓடுதளம்

சென்னையிலிருந்து வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்குவதற்காக அங்கே ஓர் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தபின் அது சும்மா கிடந்தது. 1953-ல் பிறந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. பிறகு பல பத்தாண்டுகள் தென்னிந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரம் என்றே பொருள். ஓட வந்தவர்களில் கோண்டல் அரச குடும்பத்தவர் உண்டு. பின்னாளில் விமானக் கம்பெனி நடத்திய விஜய் மல்லையா உண்டு. சென்னையின் சந்தோக் குடும்பத்தினர் உண்டு. பணம் படைத்தவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு அம்பாசடரும் ஃபியட்டும்தான் கதி. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலம் அது. உதிரிப் பாகம் கிடைக்காது. கிடைக்காததை லேத்துப் பட்டறையில் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த வேலைக்குக் கோயம்புத்தூரைவிடத் தோதான ஊர் இருக்க முடியாது. நூற்பாலைகள் வளர்ந்த ஊர். ஆலைக்கு வேண்டிய இயந்திரத்தைப் பழுது பார்க்கப் பட்டறை வந்தது. பட்டறையிலிருந்து மோட்டார், பம்புசெட்டு, வார்ப்படத் தொழில் எல்லாம் கிளைத்தன. பஸ் கம்பெனி நடத்திக்கொண்டே மோட்டாரும் கருவிகளும் செய்துகாட்டிய ஜி.டி.நாயுடுவின் ஊர். 'வாங்க முடியாவிட்டால் செய்துகொள்' என்பது அங்கே பரம்பரைக் குணம்.

அந்தக் குணத்தின் முழு உருவம் எஸ்.கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். சோழவரத்தில் வேகமாக ஓட்டிய பெயர் அவருக்கு இருந்தாலும், என் கண்ணுக்கு அவர் ஓட்டியதைவிடச் செய்தது பெரிது. 1988-ல் அவர் முயற்சியால் ஃபார்முலா மாருதி என்ற பந்தயம் வந்தது. மாருதி 800 காரில் இருக்கும் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். அதை ஓர் இருக்கை மட்டும் கொண்ட, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் காருக்குள் பொருத்தினார்கள். ஏறக்குறைய 40 குதிரைத்திறன். இன்றைய மைவி காரின் திறனில் பாதிகூடத் தேறாது. ஆனால் எல்லோருக்கும் அதே இன்ஜின். அப்பனிடம் பணம் இருக்கிறதா என்பதைத் தாண்டி, பையனுக்கு ஓட்டத் தெரிகிறதா என்று பார்க்க இந்தியாவில் முதல் தடவையாக ஒரு வழி பிறந்தது. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் எந்தக் கோப்பையைவிடவும் இதைத்தான் நான் மேலே வைப்பேன்.

1990-ல் சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் வந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. அந்தப் புதுத் தடத்தில், கரிவர்தனின் ஃபார்முலா மாருதி காரில்தான் நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார்.

நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14. அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். வீட்டில் பேச்சே கார்தான் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. படிப்பு கோவை ஸ்டேன்ஸ் பள்ளியில். 1992-ல், பதினைந்து வயதில், பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். அங்கே நடந்த போட்டியில் அரையிறுதி வரை வந்தார். 1994-ல் இங்கிலாந்தின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் எந்தப் பந்தயப் பட்டத்தையும் அதற்கு முன் ஓர் இந்தியர் வென்றதில்லை.

அடுத்த ஆண்டு அவர் நம் பக்கம் வந்தார். 1995-ல் ஃபார்முலா ஆசியா தொடரில் சில பந்தயங்கள் மட்டும் ஓட்டினார். அதில் ஷா ஆலாமில் இரண்டாம் இடம். பத்து தீகா என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தடம். 1968 முதல் மலேசியாவின் பந்தயக் களமாக இருந்த அது இன்று இல்லை. அங்கே வந்து போன அந்தப் பதினெட்டு வயதுப் பையன் பத்து ஆண்டு கழித்துச் செப்பாங்கில் ஃபார்முலா ஒன் ஓட்டுவான் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே 1995 ஆகஸ்டில் கரிவர்தன் விமான விபத்தில் இறந்தார். நாற்பதை ஒட்டிய வயது. மறு ஆண்டு நரேன் ஃபார்முலா ஆசியா சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியரும் அவர்தான். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய பிள்ளை ஆசியாவை வென்றதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் பின்னாளில் அமைந்த பந்தயத் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள்.

பக்கத்து நாட்டு இளவரசர்

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் பகுதியிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் மனிதர் நரேனைவிட அறுபது ஆண்டுக்கும் மேல் மூத்தவர். பினாங்குக்கு வடக்கே எல்லை தாண்டினால் அவர் நாடு. சயாம் இளவரசர் பீரா. 1914-ல் பாங்காக்கில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, 1935-ல் தன் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த ஈ.ஆர்.ஏ. காரில் ஐரோப்பியரை எதிர்த்து ஓட்டினார். தன் கார்களுக்கு ரோமுலஸ், ரேமஸ், ஹனுமான் என்று பெயரிட்டார். ஹனுமான் என்ற பெயரோடு ஒரு கார் ஐரோப்பியத் தடங்களில் ஓடியிருக்கிறது! 1950-ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது அவரும் களத்தில் இருந்தார். 1954 வரை ஓட்டினார். இரண்டு முறை நாலாம் இடம். பந்தயத்தை விட்டபின் பாய்மரப் படகு ஓட்டி நாலு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

பீராவுக்குப் பின்னால் அரச குடும்பமும், அணியை நடத்திய உறவினர் இளவரசர் சுலாவும் இருந்தார்கள். 2001-ல் மினார்டி அணியில் ஓட்டிய நம் அலெக்ஸ் யூங்குக்குப் பின்னால், செப்பாங்கைக் கட்டி உலகத்தைக் கூப்பிட்ட மலேசியாவின் உற்சாகம் இருந்தது. நரேனுக்குப் பின்னால் இருந்தது ஒரு குடும்பமும், கதவு கதவாக ஏறி இறங்கித் தேடிய விளம்பரப் பணமும்.

கைகூடாத ஆண்டுகள்

பந்தயத்தில் பணம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நரேனை எடைபோட முடியாது. கால்பந்தில் திறமையுள்ள பையனுக்கு கிளப் சம்பளம் கொடுக்கும். கார் பந்தயத்தின் கீழ்ப்படிகளில் அது தலைகீழ். ஓட்டுநர்தான் அணிக்குப் பணம் கொண்டுவர வேண்டும். டயர், இன்ஜின், மெக்கானிக், சோதனை ஓட்டம் எல்லாவற்றுக்கும் அவர் பங்கு உண்டு. பணம் தீர்ந்தால் சீசன் நடுவிலேயே இருக்கை வேறொருவருக்குப் போய்விடும்.

1999-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் நரேன் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரண்டு பந்தயம் வென்றார். அதே தொடரில் ஓட்டிய ஜென்சன் பட்டன் அடுத்த ஆண்டே வில்லியம்ஸ் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டினார். 2000-ல் அதே தொடரில் பிரேசிலின் அந்தோனியோ பிசோனியா சாம்பியன், ஜப்பானின் தாகுமா சாட்டோ மூன்றாவது, நரேன் நான்காவது. அந்த ஆண்டு இறுதியில் தென் கொரியாவின் சாங்வோன் தெருப் பந்தயத்தையும் நரேன் வென்றார். சாட்டோ 2002-ல் ஜோர்டான் அணியில் ஏறினார். அவருக்கு ஹோண்டா இருந்தது. பிசோனியா 2003-ல் ஜாகுவாருக்குப் போனார். நரேன்?

2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதித்துப் பார்த்தார். ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் அன்றே வந்தது. ஆனால் அது சோதனை ஓட்டம்தான், பந்தயம் அல்ல. ஜப்பானுக்குப் போய் ஃபார்முலா நிப்பானில் ஓட்டினார். ஐரோப்பாவுக்குத் திரும்பி நிஸான் உலகத் தொடரில் ஓட்டினார், வென்றார். மினார்டி கதவு திறந்தது, கேட்ட பணத்தைத் திரட்ட முடியவில்லை, கதவு மூடியது. நூறு கோடி மக்கள் உள்ள நாட்டிலிருந்து ஒரே ஒருவர் அந்த வாசல் வரை போய் நின்று, பணமில்லை என்று திரும்பி வந்திருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டான் அணியோடு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. டாட்டா பெயர் காரில் ஏறியது. நரேனுக்கு அப்போது 28 வயது. பட்டன் ஃபார்முலா ஒன்னில் இறங்கியது 20-ல். ஃபெர்னாண்டோ அலோன்சோ 19-ல். ஓர் ஓட்டுநரின் உடம்பும் கண்ணும் துணிச்சலும் உச்சத்தில் இருக்கும் அந்த வயதெல்லாம் நரேனுக்குக் காத்திருப்பதிலேயே கழிந்தது.

அந்த ஒரு சீசன்

மெல்பர்னில் மார்ச் 6. மழை குழப்பிய தகுதிச் சுற்றில் 12-ஆம் இடம் பிடித்தார். பந்தயத்தை 15-ஆவதாக முடித்தார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 20, செப்பாங்.

செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பந்தயம் 56 சுற்று. ஓட்டுநர் காரில் உட்காருவதில்லை, கிட்டத்தட்டப் படுத்திருப்பார்; பாதம் இடுப்புக்கு மேலே இருக்கும். தோள், இடுப்பு, தொடை என்று வார்களை மெக்கானிக் இழுத்து இறுக்கும்போது மூச்சு பாதிதான் உள்ளே போகும். முதுகுக்குப் பின்னால் மூன்று லிட்டர், பத்து சிலிண்டர் இன்ஜின். ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோ எடைக்கு 900 குதிரைத்திறனை ஒட்டிய வலு. இடது காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும். வீட்டுக் கார் போல் தொட்டால் நிற்காது, முழுப் பலத்தோடு உதைக்க வேண்டும். நிறுத்தும்போதும் திருப்பும்போதும் தலையின் எடை நாலைந்து மடங்காகிக் கழுத்தில் இறங்கும். காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஹெல்மெட்டுக்குள் குழாய் வழியாக வரும் தண்ணீர் சில சுற்றுகளிலேயே சுடுநீராகிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகப் போய்விடும். நம் ஊர் உச்சிவெயிலில் பத்து நிமிடம் நின்றாலே என்ன ஆகிறோம் என்று நமக்குத் தெரியும்.

அன்று அலோன்சோ வென்றார். நரேன் 11-ஆவதாக வந்தார். அதே காரை ஓட்டிய சக வீரர் தியாகோ மொன்டேரோ அவருக்கு அடுத்து. 2005-ன் ஜோர்டான் களத்தில் மிக மெதுவான கார்களில் ஒன்று. எடி ஜோர்டான் அணியை விற்றுவிட்டிருந்தார். புது முதலாளிகள் அந்த ஆண்டை எப்படியாவது ஓட்டி முடித்தால் போதும் என்ற நிலையில் இருந்தார்கள். அந்தக் காரை, அந்த வெயிலில், சக வீரருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதை நம் பத்திரிகைகளே அன்று போதுமான அளவு எழுதவில்லை.

இனி இண்டியானாபோலிஸ். 2005-ல் ஒரு விதி இருந்தது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. அமெரிக்கத் தடத்தில் 13-ஆம் வளைவு சரிவாக உயர்த்திக் கட்டப்பட்டது. கார்கள் முழு வேகத்தில் பக்கவாட்டு அழுத்தத்தோடு அதைக் கடக்கும். அந்த அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ரால்ஃப் ஷூமாக்கர் அங்கேயே சுவரில் மோதினார். தங்கள் டயர் பாதுகாப்பானது என்று மிஷெலின் உறுதி சொல்ல முடியவில்லை. வளைவுக்கு முன்னால் தடத்தைக் குறுக்கி வேகத்தைத் தணிக்கலாம் என்ற யோசனையை நிர்வாகம் ஏற்கவில்லை. ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. இருபது கார்களும் வார்ம்-அப் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிவில் பதினான்கு கார்கள் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் தொடக்கக் கோட்டில் நின்றன: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி.

நம் நேரப்படி நள்ளிரவு தாண்டியிருந்தது. கூட்டம் ஊளையிட்டது, பீர் டின்னும் பாட்டிலும் தடத்தில் விழுந்தன. மைக்கேல் ஷூமாக்கர் முதலாவது, பாரிக்கெல்லோ இரண்டாவது, மொன்டேரோ மூன்றாவது, நரேன் நான்காவது. ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை; இன்றுவரை வேறொரு இந்திய ஓட்டுநர் புள்ளி எடுக்கவில்லை.

ஆறு கார் ஓடிய பந்தயம் என்பது உண்மை. அந்த ஆறில் ஒன்றாக இருந்து, மக்கள் கோபத்தில் எறிந்த பொருட்களுக்கு நடுவே முழுப் பந்தயத்தையும் ஓட்டி முடித்ததும் உண்மை. பட்டனுக்கு இருபதில் நல்ல கார் கிடைத்ததை யாரும் அதிர்ஷ்டம் என்று தள்ளுவதில்லை. சாட்டோவுக்கு ஹோண்டா வாய்த்ததைக் குறையாகச் சொல்வதில்லை. பத்து ஆண்டு பணத்துக்கு அலைந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதகமாக அமைந்தால் மட்டும் நாம் ஏன் உதட்டைப் பிதுக்குகிறோம்?

சீசன் முடிந்தது, இருக்கை போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டு வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2007-ல் ஏ ஒன் ஜிபி தொடரில் சீனாவின் ஜூஹாயில் இந்திய அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 2010-ல் பத்மஸ்ரீ. 2011-ல் எச்.ஆர்.டி. என்ற ஸ்பானிய அணியில் மறுபடி ஃபார்முலா ஒன். களத்தில் கடைசியாக ஓடும் அணி. நடுவிலேயே அவரை எடுத்துவிட்டு டேனியல் ரிக்கியார்டோவை உட்கார வைத்தார்கள். ஆனாலும் அக்டோபர் 30 அன்று, டெல்லியை அடுத்த புத்தா தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸில் நரேனுக்கு இருக்கை கிடைத்தது. 17-ஆவதாக வந்தார். அதே அணியில் அவருக்கு ஒரு இடம் பின்னால் முடித்தவர், பிற்காலத்தில் பல பந்தயங்களை வென்ற அதே ரிக்கியார்டோ.

2012-ல் மறுபடி செப்பாங். மழை வரும் என்று கணித்து, கனமழை டயரோடு கடைசி வரிசையில் கிளம்பினார். கணிப்பு பலித்தது. மற்றவர்கள் டயர் மாற்றப் பிட்டுக்குள் ஓட, நரேன் ஒவ்வொரு இடமாக முன்னேறினார். மழையில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அந்த ஓட்டைக் காரோடு பத்தாம் இடத்தில் இருந்தார். தடம் காய்ந்ததும் பின்னுக்குப் போனார். தன்னை ஒரு சுற்று முந்த வந்த உலக சாம்பியன் வெட்டலின் டயர் அவர் கார் பட்டுக் கிழிந்தது. வெட்டல் கடுமையாகப் பேசினார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தார்கள். உலகம் அந்த மோதலைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. மழைக்குள் அவர் எடுத்த முடிவை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டு இறுதியில் எச்.ஆர்.டி. அணியே மூடப்பட்டது. பிறகு ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் பல ஆண்டு ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜி தடத்தில் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டி வென்றபோது அவருக்கு வயது 42. கோவையில் பழைய இருசக்கர வாகனங்களை விற்கும் ட்ரைவ்எக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதில் டிவிஎஸ் பெரும் பங்கு வாங்கியது.

நரேனுக்குப் பின்னால் சென்னையின் கருண் சந்தோக் 2010-லும் 2011-லும் ஃபார்முலா ஒன் ஓட்டினார். 2012-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எந்த இந்தியரும் இல்லை. இந்திய கிராண்ட் பிரிக்ஸ் வரிச் சிக்கலில் மூன்றே ஆண்டில் நின்றுபோனது. செப்பாங்கும் 2017-க்குப் பிறகு ஃபார்முலா ஒன்னை இழந்தது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடம் போட்டு இரவுப் பந்தயம் நடத்தினார்கள். அரசு பணம் போட்டது. அதைப் பற்றிப் பலருக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் ஆதரிக்கிறேன். ஒரு பிள்ளை பந்தயக் காரைத் தன் ஊர்த் தெருவில் நேரில் பார்க்க வேண்டும்.

பினாங்குத் தீவில் ஃபார்முலா கார் ஓட்டும் தடம் கிடையாது. பாலம் தாண்டி, நெடுஞ்சாலை பிடித்து, செப்பாங் போக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அதனால் வேகப் பசியுள்ள நம் பையன்கள் நள்ளிரவில் ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். திருவிழாவுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் தாராளமாக நன்கொடை தரும் நம் தமிழ் வணிகர்கள், கோ-கார்ட் ஓட்டும் ஒரே ஒரு பிள்ளைக்கு ஒரு சீசன் டயர் செலவை ஏற்றுக்கொள்ளலாம். எட்டு, ஒன்பது வயதில் தொடங்கினால்தான் உண்டு. பதினாறில் தொடங்குபவருக்கு ஐரோப்பியப் பிள்ளைகளை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். பெயரை வண்டியில் ஒட்டச் சொல்லுங்கள், தப்பில்லை. நரேனின் காரிலும் டாட்டா என்று எழுதியிருந்தது.